இரு குரலில் ஒரு மருத்துவர்: கார்சியா தெ ஓர்த்தாவின் உரையாடல் நூல்

தோற்றுவாய்

ஏலமும் மிளகும் விளையும் நம் மலைகளுக்கும் மேலை நாட்டு நூலகங்களுக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழி உண்டு. அவ்வழியே சரக்கு சென்றது. சரக்கோடு சரக்கின் பெயரும் சென்றது. அச்சரக்கை ஆராய்ந்து நூல் எழுதியவர் யார், எந்நிலையில் இருந்துகொண்டு எழுதினார் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. விளைத்தவர் பெயரும் தெரியாது, எழுதியவர் வாழ்வும் தெரியாது என்ற நிலையிலேயே மணப்பொருள்களின் வரலாறு நம் பிள்ளைகளின் பாடநூல்களில் சில வரிகளாய் முடிந்துவிடுகிறது.

1563ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கோவா நகரில் ஒரு நூல் அச்சேறி முடிந்தது. இந்திய மண்ணில் அச்சான மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று. இந்தியாவின் மருந்துச் சரக்குகளைப் பற்றிய உரையாடல்கள் என்பது அதன் பெயரின் சுருக்கம். எழுதியவர் கார்சியா தெ ஓர்த்தா என்னும் போர்ச்சுகீசிய மருத்துவர்; யூத குலத்தில் தோன்றியவர். மிளகு, ஏலம், இஞ்சி, சந்தனம், வெற்றிலை, தேங்காய், மாம்பழம் என நம் இடுக்கி மலையிலும் பாலக்காட்டுச் சமவெளியிலும் அன்றாடம் புழங்கும் பொருள்கள் பலவும் அந்நூலில் பேசப்படுகின்றன.

மருத்துவர்கள் அந்நூலை மருந்து நூல் என்பர். பயிர்நூலார் பயிர்நூல் என்பர். நாம் ஈண்டு அதனை ஓர் இலக்கியமாகக் கொண்டு ஆராய்வோம். நாடு பெயர்ந்து வாழ்ந்த ஒருவர் தம் அறிவை எவ்வாறு வெளிப்படுத்தினார், தம்மை எவ்வாறு மறைத்துக்கொண்டார் என்பது அதன் நடையிலேயே பதிந்து கிடக்கிறது. நாடு பெயர்ந்து வாழும் நமக்கு அந்நூல் இதனாலேயே நெருக்கமானது.

வாழ்வு

ஓர்த்தாவின் பெற்றோர் ஸ்பெயின் நாட்டு யூதர். 1492ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசு யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. எல்லை தாண்டிப் போர்ச்சுகலில் புகுந்தவர்களுக்கு அங்கும் அமைதி கிட்டவில்லை. 1497இல் போர்ச்சுகல் மன்னர் அவர்களைக் கட்டாயமாகக் கிறித்தவராக்கினார். அவ்வாறு மாற்றப்பட்டவர்கள் 'புதுக் கிறித்தவர்' எனப்பட்டனர். அப்பெயரே அவர்கள்மீது ஐயத்தின் முத்திரையாகவும் நின்றது. இத்தகைய குடும்பம் ஒன்றில், எல்லையோரச் சிற்றூராகிய காஸ்தெலோ தெ விதெயில், 1501ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ஓர்த்தா.

ஸ்பெயினின் சலமாங்கா, அல்காலா பல்கலைக் கழகங்களில் மருத்துவம் பயின்றார். 1523இல் ஊர் திரும்பினார். 1530இல் லிஸ்பன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். ஆனால் அப்பதவியில் அவர் நிலைக்கவில்லை. 1534இல் மார்த்தீம் அபோன்சோ தெ சோசா என்னும் தலைவரின் மருத்துவராகக் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். அவர் புறப்பட்ட இரண்டாம் ஆண்டே, 1536இல், போர்ச்சுகலில் இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அவர் ஏன் புறப்பட்டார் என்று அவரே எங்கும் எழுதி வைக்கவில்லை. எனினும் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு அக்காரணம் ஓரளவு புலப்படும்.

இந்தியாவில் அவர் ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். கோவாவில் மருத்துவம் செய்தார். அகமது நகரத்து அரசர் புர்கான் நிசாம் ஷாவுக்கு மருத்துவராகவும் நண்பராகவும் இருந்தார். அவ்வரசவை மருத்துவரோடு உரையாடி அரபு மருத்துவ மரபை நேரில் அறிந்தார். அந்நாளில் மீன்பிடி ஊர்களும் தென்னந்தோப்புகளுமாய்க் கிடந்த பம்பாய்த் தீவைக் குத்தகைக்குப் பெற்று, அங்குத் தோட்டம் வைத்தார். தம் தோட்டத்து மா ஒன்று ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதைப் பெருமையோடு நூலில் குறிக்கிறார்.

1547இல் அவருடைய தமக்கை தங்கையரான இசபெல், கத்தரினா இருவரும் லிஸ்பனில் விசாரணை மன்றத்தின் பிடியில் அகப்பட்டு மீண்டனர். 1549இல் தாயும் உடன்பிறந்தாரும் கோவா வந்து அவரோடு சேர்ந்தனர். ஒருவர் முன்னே சென்று வேர் ஊன்றியபின் குடும்பம் பின்னே வந்து சேரும் வழக்கம் நாம் அறியாததன்று. நம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் மலையேறிய காலத்தும் இதுவே நடந்தது. ஆனால் நம்மவர் பசிக்கு அஞ்சி வந்தனர். ஓர்த்தாவின் வீட்டார் நெருப்புக்கு அஞ்சி வந்தனர்.

நூலின் அமைப்பு

நூலில் ஏறத்தாழ அறுபது உரையாடல்கள் உள்ளன. பொருள்கள் பெரும்பாலும் அகர வரிசையில் அமைகின்றன. பேசுவோர் முதன்மையாக இருவர். ஒருவர் ஓர்த்தா. மற்றவர் ருவானோ என்னும் மருத்துவர். ஓர்த்தாவோடு ஸ்பெயினில் பயின்றவர், புதிதாகக் கோவா வந்திருப்பவர். ருவானோ கற்பனைப் பாத்திரம். அவர் கேட்கிறார், ஓர்த்தா விடை கூறுகிறார். ருவானோ கிரேக்க நூலாசிரியர்களான கேலன், தியோஸ்கோரிதெஸ் முதலியோரை மேற்கோள் காட்டி மறுக்கிறார். ஓர்த்தா தாம் இந்தியாவில் கண்டதைக் காட்டி மறுமொழி தருகிறார்.

வினாவும் விடையுமாக நூல் செய்வது தமிழருக்குப் புதிதன்று. சித்தாந்த நூல்களில் மாணாக்கன் ஐயுற, ஆசிரியன் தெளிவிப்பான். ஆயினும் அம்மரபில் மாணாக்கன் பணிந்து கேட்பவன். ருவானோ அத்தகையவர் அல்லர். ஓர்த்தாவுக்கு நிகராகக் கற்றவர். ஆதலின் ஒவ்வோர் உரையாடலும் பாடமாக இல்லாமல் வழக்காக நடக்கிறது. நூலறிவு ஒருபுறம், கண்ணறிவு ஒருபுறம் நிற்க, சரக்கு நடுவில் வைக்கப்படுகிறது.

ருவானோ யார் என்ற வினாவுக்குத் திறனாய்வாளர் பலரும் தரும் விடை ஒன்றே: ருவானோவும் ஓர்த்தாவே. சலமாங்காவில் ஏடுகளை நம்பிப் பயின்ற இளைய ஓர்த்தா வினவுகிறார். கோவாவில் முப்பது ஆண்டு நோயாளிகளைக் கண்ட முதிய ஓர்த்தா விடையிறுக்கிறார். இது தக்க விளக்கமே. ஆனால் இதனோடு நாம் இன்னொன்றும் சேர்ப்போம். தம் கருத்தைத் தாமே நேராகச் சொல்வதற்கும், ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. நம் சங்க அகப்பாடல்களில் புலவன் தன் குரலில் பேசுவதே இல்லை. தலைவியோ தோழியோ செவிலியோ பேசுவாள். பெயர் சுட்டாமை அங்கு மரபு. அம்மறைவு அன்பின் அந்தரங்கத்தைக் காக்கும் மறைவு. ஓர்த்தாவின் மறைவு உயிரைக் காக்கும் மறைவு. எதிர்க்கருத்தைத் தாமே ஒரு பாத்திரமாக்கி அருகில் அமர்த்திக்கொண்டு, அதற்கு மறுமொழி கூறுவது போலத் தம் கருத்தை வெளியிடுவது, எப்போதும் கண்காணிக்கப்படும் ஒருவர் கைக்கொள்ளும் உத்தியாகும்.

உரையாடல் இடையிடையே வீட்டு வாழ்வும் புகுகிறது. பணிப்பெண் பழம் கொணர்கிறாள். நோயாளி வீட்டிலிருந்து ஆள் வருகிறது. சதுரங்க ஆட்டம், எலிபெண்டாக் குகைச் சிற்பம் எனப் பேச்சு கிளை விரிகிறது. இக்கிளைப் பேச்சுகளை வீண் என்பாரும் உண்டு. நம் கருத்தில் நூலின் உயிர் அவற்றில்தான் உள்ளது. சரக்கை அதன் ஊரிலிருந்தும் மக்களிலிருந்தும் பிரித்துக் காட்டாமல், வழங்கும் இடத்திலேயே வைத்துக் காட்டுகின்றன அவை.

சொல் வழங்கும் முறை

ஒரு பொருளை எடுத்தால் ஓர்த்தா முதலில் அதன் பெயர்களைக் கேட்கிறார். அரபியில் என்ன, குஜராத்தில் என்ன, மலபாரில் என்ன, இலங்கையில் என்ன என்று வரிசையாகக் கூறுகிறார். பெயர் அவருக்கு அணியன்று, சான்று. இரு நூல்கள் ஒரே பொருளைச் சொல்கின்றனவா, வேறு வேறு பொருள்களைச் சொல்கின்றனவா என்பதைப் பெயர் கொண்டே துணிகிறார். பல மொழிகளுக்கு இடையில் வாழ்பவர்க்கே இப்பழக்கம் படியும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் நம் எல்லையோரப் பிள்ளைகள் ஒரு பொருளுக்கு இரு பெயர் இருப்பதை இயல்பாக அறிவர்.

அந்நூலைப் படிக்கும் தமிழர் தம் வீட்டுச் சொற்களைக் கண்டு வியப்பர். தேங்காய் மட்டையின் நாரைச் சொல்லும்போது நம் கயிறு வருகிறது. உலர்ந்த தேங்காயைச் சொல்லும்போது கொப்பரை வருகிறது. வெற்றிலை, சுண்ணாம்பு ஆகியவற்றுக்குப் போர்ச்சுகீசியர் மலபாரின் சொற்களையே வழங்குவது ஏன் என்பதற்கு ஓர்த்தாவே காரணமும் காட்டுகிறார். இந்தியாவில் அவர்கள் முதலில் அறிந்த நிலம் மலபார். ஆகவே முதலில் கற்ற சொற்களும் மலபாரின் சொற்களே என்கிறார். மொழிகளின் கொடுக்கல் வாங்கல் குறித்து இவ்வளவு தெளிவான குறிப்பை ஒரு மருந்து நூலில் காண்பது அரிது.

கண்டதும் கேட்டதும்

ஓர்த்தாவின் பெருமை எங்கே உச்சத்தை அடைகிறது என்று கேட்டால், வாந்திபேதி நோயைப் பற்றிய உரையாடலைச் சுட்டலாம். காலரா எனப்படும் அந்நோயின் இந்திய வடிவத்தை ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் கண்டு எழுதிய முதல் தெளிவான குறிப்பு அது என்பர். நாடி தளர்தல், உடல் குளிர்தல், தாகம், கண் குழிதல், தசை இழுத்தல் என அறிகுறிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஊர் மருத்துவர் இந்நோய்க்கு என் செய்கின்றனர் என்றும் கூறுகிறார்: அரிசி வடித்த நீரில் மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கின்றனர், அதனைக் கஞ்சி என்பர் என்கிறார். கஞ்சி என்னும் நம் சொல் 1563இலேயே ஐரோப்பிய மருத்துவ நூலில் இவ்வாறு இடம்பெற்றது. நீர் வற்றிப் போகும் நோய்க்குக் கஞ்சி நீர் கொடுப்பதன் நன்மையை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

அங்கு அவர் வென்றதற்குக் காரணம், நோயாளியின் கட்டிலருகே நின்று கண்டமை. கட்டிலருகே நிற்காத இடங்களில் அவர் தடுமாறுகிறார். திறனாய்வு என்பது புகழுரை அன்று. ஆதலின் இதனையும் சொல்லவேண்டும்.

ஏலத்தைப் பற்றி எழுதுமிடத்தில், அது பயறு வகை போல விதைக்கப்படுவது என்றும், ஒரு முழ உயரமே வளர்வது என்றும் எழுதுகிறார். நெடுங்கண்டத்திலும் உடும்பஞ்சோலையிலும் வண்டன்மேட்டிலும் காய் எடுக்கப் போகும் நம் பெண்மக்கள் இதைக் கேட்டால் நகைப்பர். ஏலத்தட்டை ஆள் உயரத்தை மீறி நிற்பது. சரம் விடுவதோ செடியின் தூரில், மண்ணை ஒட்டி. குனிந்தும் குத்தவைத்தும் காய் பறித்த முதுகுகளுக்கு இது நூல் பார்த்துத் தெரியவேண்டிய செய்தி அன்று. ஓர்த்தா ஏலக்காயைக் கடையில் கண்டார், மருந்தில் கண்டார், காட்டு நிழலில் காணவில்லை.

மிளகிலும் இவ்வாறே. கருமிளகும் வெண்மிளகும் வேறு வேறு கொடிகளின் காய் என்று கருதினார். கருந்திராட்சையும் வெண்திராட்சையும் போல என்று உவமையும் கூறினார். ஒரே கொடியின் காயைத் தோலோடு உலர்த்தினால் கருமிளகு, பழுக்கவிட்டுத் தோல் நீக்கினால் வெண்மிளகு என்பதைக் கொடி படரவிட்ட வீட்டுச் சிறுவனும் அறிவான்.

இக்குறைகளைச் சுட்டுவது அவரைத் தாழ்த்துவதற்காக அன்று. அவர் வகுத்த நெறியைக்கொண்டே அவரை அளக்கிறோம். கேலன் சொன்னார் என்பதற்காக ஏற்காதே, கண்டு ஏற்பாய் என்பது அவர் நெறி. காணாமல் எழுதிய இடத்தில் அவரும் சறுக்கினார் என்பது அந்நெறியின் வலிமைக்கே சான்றாகிறது. சொல்பவர் யாராயினும் சொல்லப்படும் பொருளின் மெய்யைத் தேர்க என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தும் அறமும் இதுவே.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

ஓர்த்தாவுக்கு இவ்வளவும் சொல்லிக்கொடுத்தவர் யார்? வைத்தியர், வணிகர், தோட்டக்காரர், அரசவை அறிஞர் எனப் பலர். அவர்களுள் மிகச் சிலரே பெயரோடு வருகின்றனர். ஓர் உரையாடலில் மாலுப்பா என்னும் இந்து வைத்தியர் வந்து நேரில் பேசுகிறார். அவர் குரலுக்கு நூலில் இடம் கிடைத்தது பெருஞ்செய்தியே. அந்தோனியா என்னும் அடிமைப் பெண் இலையும் பழமும் கொணர்கிறாள். எதை எங்கே பறிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவள் அறிந்ததை அவள் வாயால் நாம் கேட்பதில்லை; கொணர்ந்து வைத்துவிட்டு அகல்கிறாள். தம்மை அடக்கிய ஆட்சிக்கு அஞ்சி வாழ்ந்த அம்மருத்துவரே தம் வீட்டில் அடிமை வைத்திருந்தார் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

நூறு ஆண்டு கழித்துக் கேரள மண்ணில் எழுந்த இன்னொரு நூலோடு இதனை ஒப்பிடலாம். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியால் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. அதில் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரின் பெயர்களும் சான்றுரைகளும் அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதனின் சான்றுரை 1675 ஏப்ரலில் எழுதப்பெற்றது. செடிகளின் படங்களோடு மலபார்ப் பெயர்களும் அங்கு நிற்கின்றன. அந்நூலை ஆங்கிலத்திலும் பின்னர் மலையாளத்திலும் பெயர்த்த அறிஞர் மணிலாலின் உழைப்பால், 2003க்குப் பின் அது நம்மவர் கைக்கும் எட்டியது.

இரண்டையும் வைத்துப் பார்த்தால், நடையில் ஓர்த்தாவே உயர்ந்தவர். அவருடையது உயிருள்ள பேச்சு. நன்றியில் வான் ரீடின் நூலே உயர்ந்தது. அறிந்தவன் பெயரை அறிவோடு சேர்த்து எழுதிய நேர்மை அதற்கு உண்டு. இட்டி அச்சுதன் என்ற பெயர் இன்று கேரளத்தில் வாழ்வது அந்த ஓர் ஏட்டால் என்க.

சொல்லாமல் விட்டது

ஓர்த்தாவின் நூலில் மிகப் பெரிய செய்தி அதில் இல்லாத செய்தியே. தாம் யூதர் என்றோ, தம் பெற்றோர் துரத்தப்பட்டவர் என்றோ அவர் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. நூல் முழுவதும் ஒரு கிறித்தவ மருத்துவரின் குரலே ஒலிக்கிறது. கோவாவில் விசாரணை மன்றம் 1560இல் ஏற்பட்டது. நூல் வந்தது 1563இல். அந்த மூன்றாண்டு இடைவெளியை நினைவில் வைத்துப் படிப்பவர்க்கு அமைதியான பக்கங்களும் வேறு விதமாகப் பேசத் தொடங்கும்.

ஓரிடத்தில் அவர், ஸ்பெயினில் இருந்திருந்தால் கேலனுக்கும் கிரேக்கர்க்கும் எதிராகப் பேசத் தாமும் துணிந்திருக்கமாட்டார் என்னும் பொருள்பட எழுதுகிறார். மருத்துவம் பற்றிய பேச்சாகவே அது நிற்கிறது. ஆனால் அவர் வாழ்வை அறிந்தபின் அச்சொல் அவ்வளவில் நிற்பதில்லை. பிறந்த நிலத்தில் திறக்க முடியாத வாயை அயல் நிலத்தில் திறக்க முடிந்தது என்பதே அதன் உட்பொருள். அவ்வாய் மருந்தைப் பற்றி மட்டுமே திறந்தது. தன்னைப் பற்றி மூடியே இருந்தது.

1568இல் ஓர்த்தா இறந்தார். மறு ஆண்டு, 1569 அக்டோபர் 25இல், கத்தரினா கோவாவில் எரிக்கப்பட்டாள். அவ்விசாரணையில் ஓர்த்தாவும் மறைவில் யூத நெறியைப் பேணினார் என்ற வாக்குமூலங்கள் பதிவாயின. 1580 டிசம்பர் 4இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தனர். இறந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்த ஒருவரின் எலும்பைத் தண்டித்த ஆட்சியை என்னென்பது!

இச்செய்திகள் உலகறிய நெடுங்காலம் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிகால்யோ பிரபு நூலை நன்கு பதிப்பித்தார். 1913இல் மார்க்கம் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர்கள் காலத்தில் இவை தெரியவில்லை. 1934இல் சில்வா கார்வால்யோ என்னும் போர்ச்சுகீசிய ஆராய்ச்சியாளர் விசாரணை மன்ற ஏடுகளைத் துருவி வெளியிட்டபோதே முழு வரலாறும் வெளிப்பட்டது.

இங்கு ஒரு திறனாய்வுச் சிக்கல் எழுகிறது. நூலை நூலாக மட்டும் படிக்கவேண்டும், ஆசிரியர் வாழ்வைக் கலத்தல் ஆகாது என்பார் ஒரு சாரார். நாமும் பொதுவாக அதனை ஏற்போம். ஆனால் ஓர்த்தாவின் நூலுக்கு அவ்விதி முழுதும் பொருந்தாது. ஏன் இரு குரல், ஏன் பழைய அதிகாரங்கள்மீது இவ்வளவு ஐயம், ஏன் பல மொழிப் பெயர்கள்மீது இவ்வளவு வேட்கை என்ற வினாக்களை நூலே எழுப்புகிறது. விடையை வாழ்வு தருகிறது. அதே வேளையில் ஒவ்வொரு சொல்லிலும் மறைபொருள் தேடுவதும் பிழை. வெற்றிலையைப் பற்றி அவர் எழுதியது வெற்றிலையைப் பற்றித்தான். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வாய் சிவக்கும். அதில் சமயம் இல்லை.

குறுக்கம் செய்த கேடு

நூல் வெளிவந்த நான்காம் ஆண்டே, 1567இல், குளூசியுஸ் என்னும் பயிர்நூல் அறிஞர் அதனை லத்தீனில் சுருக்கி ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்டார். ஐரோப்பா ஓர்த்தாவை அறிந்தது பெரும்பாலும் அச்சுருக்கத்தால். குளூசியுஸ் உரையாடலை நீக்கினார். பொருள்களை வரிசை மாற்றினார். சரக்குச் செய்தியை மட்டும் தொகுத்தார். ருவானோ போனார், மாலுப்பா போனார், அந்தோனியா போனாள், நோயாளி வீட்டு ஆள் போனான். ஏலம் ஒரு முழம் என்ற பிழை மட்டும் போகாமல் நின்றது.

அறிவு பரவியதற்கு அச்சுருக்கம் பேருதவி செய்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் எதை இழந்தோம் என்பதை மூலத்தோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். மூலத்தில் அறிவு மனிதரிடையே பிறக்கிறது. சுருக்கத்தில் அது யாரும் இல்லாத அறையில் கிடக்கும் பொருளாகிறது. போர்ச்சுகலின் பெருங்கவிஞர் கமொயென்ஸின் பாட்டு முதன்முதல் அச்சேறியதும் ஓர்த்தாவின் மூல நூலின் முகப்பில்தான். ஒரு கவிஞனை வாசலில் நிறுத்திய மருந்து நூல் அது. அவ்வாசலையே சுருக்கம் அடைத்துவிட்டது.

அறிவொளிக் காலமும் கொச்சியும்

ஓர்த்தா மறைந்து இரண்டு நூற்றாண்டு கழித்து ஐரோப்பாவில் அறிவொளிக் காலம் வந்தது. தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதே அக்காலத்தின் அறம் என்று 1784இல் தத்துவ அறிஞர் காண்ட் எழுதினார். அவருடைய மாணவர் மார்க்குஸ் ஹெர்ட்ஸ் ஒரு யூதர். 1770இல் காண்ட் தம் பேராசிரியப் பதவிக்குரிய ஆய்வுரையை வாதிட்டபோது துணைநின்று மறுமொழி கூறியவர். பின்னர் பெர்லினில் யூத மருத்துவமனையின் மருத்துவரானார்; தம் இல்லத்திலேயே தத்துவச் சொற்பொழிவுகள் ஆற்றினார்; 1803இல் மறைந்தார். தம் பெயரோடும் தம் குலத்தோடும் அவர் பேச முடிந்தது. ஓர்த்தாவுக்குக் கிட்டாத பேறு இது. எனினும் பிரஷ்ய நாட்டு யூதருக்குக் குடியுரிமை 1812இல்தான் வழங்கப்பட்டது. கோவாவின் விசாரணை மன்றமோ 1774இல் மூடப்பட்டு, 1778இல் மீண்டும் திறக்கப்பட்டு, அதே 1812இல்தான் முற்றாக ஒழிந்தது. அறிவொளி எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் விடியவில்லை.

ஆனால் ஐரோப்பா துணியுமுன் நம் கரையில் ஒன்று நடந்தது. ஓர்த்தா இறந்த அதே 1568ஆம் ஆண்டு, கொச்சி மட்டாஞ்சேரியில், அரசரின் அரண்மனையை அடுத்து, யூதரின் தொழுகைக்கூடம் ஒன்று எழுந்தது. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்த யூதருக்கு உரிய அதற்குப் 'பரதேசி' ஜெபாலயம் என்றே பெயர். 1662இல் போர்ச்சுகீசியர் அதற்குத் தீயிட்டனர். டச்சுக்காரர் வந்தபின் மீண்டும் செப்பனிடப்பட்டது. எசெக்கியேல் ராகபி என்னும் யூத வணிகப் பெருமகன் 1760இல் அதற்கு மணிக்கூண்டு கட்டினார். கோவாவில் கதவடைத்துக் காத்த வழிபாட்டைக் கொச்சியில் மணியடித்துச் செய்தனர். இரு ஊருக்கும் இடையே சில நாள் கடற்பயணமே.

பரதேசி என்ற சொல்லைத் தமிழில் இன்று இரப்போனுக்கு வழங்குகிறோம், வசைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். கொச்சியில் அது வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளிலேயே நின்றது. வழிபாட்டு இல்லத்தின் பெயராகவும் தலை நிமிர்ந்தது. வந்தவரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதைவிட, அப்பெயரை எவ்வாறு வழங்குகிறோம் என்பதே ஒரு நாட்டின் பண்பைக் காட்டுகிறது.

நிறைவாக

ஓர்த்தாவின் நூல் பெருநூல் என்பதில் நமக்கு ஐயமில்லை. புலம்பெயர்தல் ஒருவர் கண்ணைத் திறக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அக்கண் தன்னையும் தனக்குக் கற்பித்தோரையும் ஏட்டில் எழுதாமல் போகக்கூடும் என்பதற்கும் அதுவே சான்று. தம்மை மறைத்தது அச்சத்தால்; அதற்கு அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. கற்பித்தோர் பெரும்பாலாரைப் பெயரின்றி விட்டது வழக்கத்தால், அது குறையே.

நமக்கு ஓர்த்தாவின் அச்சம் இல்லை. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் எல்லைக்கு இப்பால் நின்றன. அன்று முதல் நாம் இருமொழி நிலத்தார். மனக்குறைகள் உண்டு; ஆயினும் நம் பெயரையோ மொழியையோ மறைத்து எழுதவேண்டிய நிலை இல்லை. அப்படி இருந்தும் நாம் எவ்வளவு எழுதிவைத்திருக்கிறோம்? ஏலத்தின் தூரைப் பார்த்தே அவ்வாண்டு விளைச்சலைச் சொல்லும் மூதாட்டியர், ஸ்டோரில் காய் உலரும் பதத்தைக் கைப்பிடியால் அறியும் பெரியவர், மறையூர்ச் சந்தனத்தின் வைரத்தை மணத்தால் தேறுவோர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்போர் எனப் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்லும் சொற்கள் பாதி தமிழ், பாதி மலையாளம். சில இரண்டிலும் இல்லாத தோட்டச் சொற்கள். அவை எந்த அகராதியையும் காத்திருக்கவில்லை. அவற்றைச் சொல்லும் வாய்கள்தாம் ஒவ்வொன்றாய் மூடுகின்றன.

ஆதலின் ஒரு வேண்டுகோளோடு அமைவோம். இவ்வாண்டு விடுமுறையில் பள்ளி செல்லும் பிள்ளைகள் தம் வீட்டு முதியோரிடம் ருவானோவைப் போல அமர்ந்து வினவட்டும்; ஐயுறட்டும்; மறுக்கட்டும். விடையைப் பெரியவர் சொன்னபடியே, அவர் சொல்லாலேயே எழுதட்டும். ஓர்த்தா ஒரு முழம் என்று எழுதிய செடி எத்தனை முழம் என்று அவர்கள் சொல்வார்கள். எழுதி முடித்தபின் தலைப்பில் பிள்ளையின் பெயரை இடுவதற்கு முன், சொன்னவர் பெயரை இடுக.